ஆசியப் பதக்கம் வென்ற ஸ்கேட்டிங் ஜோடி... பெயர் சொல்ல முடியுமா?

ஒரு சின்ன க்விஸ். கூகுள் பண்ணாம பதில் சொல்லணும், சரியா?

2015-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதுப் பட்டியலில் 17 பேர் இருந்தாங்க. அதில் ஒரு பெயர் ரோஹித் ஷர்மா. அறிமுகமே தேவையில்லை. இன்னொரு பெயர் சதீஷ் சிவலிங்கம். வேலூர்க்காரர்களுக்கு இவரையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பிப்போய் காமன்வெல்த்தில் தங்கம் தூக்கிவந்த நம்ம ஊர்ப் பளுதூக்கும் வீரர். அதே பட்டியலில் மூன்றாவதாக ஒரு பெயர்: அனூப் குமார் யாமா.

யார் இவர்? என்ன விளையாடினார்?

பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அனூப், ரோலர் ஸ்கேட்டிங்கில் 'ஆர்ட்டிஸ்டிக்' எனப்படும் ஃபிகர் ஸ்கேட்டிங் வீரர். 2010-ல் சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் பிரிவில் வெண்கலம் வென்றார். அத்துடன் அவனி பஞ்சாலுடன் சேர்ந்து ஜோடிப் பிரிவிலும் வெண்கலம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ரோலர் ஸ்கேட்டிங்குக்காக இந்தியா வாங்கிய முதல் பதக்கங்கள் இவை.

ஒரே அரசு, ஒரே விருது, ஒரே பட்டியல். ஒருவர் பெயர் நாடு முழுக்கத் தெரியும், ஒருவர் பெயர் ஒரு மாவட்டத்துக்குத் தெரியும், ஒருவர் பெயர் அந்த விளையாட்டு ஆடுறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஏன் இப்படி? 'நம்ம ஜனங்களுக்கு கிரிக்கெட்டை விட்டா வேற தெரியாது' என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால், அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்கிட்டா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தினமும் காலையில் முட்டிக்கு பேடு கட்டிக்கொண்டு ஸ்கேட்டிங் கிளாஸுக்குப் போகும் குழந்தைகளின் எதிர்காலமும் கொஞ்சம் புரியும்.

ஜோடி ஸ்கேட்டிங்னா என்ன?

ஒரு ஆண், ஒரு பெண், ஒரு பாட்டு. பார்க்க டான்ஸ் மாதிரி இருக்கும். ஆனால், உள்ளே நடப்பது கிட்டத்தட்ட சர்க்கஸ். வேகமாக உருண்டு போய்க்கொண்டிருக்கும்போதே ஆண் தன் ஜோடியைத் தலைக்கு மேல் தூக்குவார். தூக்கி வீசுவார், அந்தப் பெண் காற்றில் சுழன்று ஒற்றைக் காலில் இறங்கி, எதுவுமே நடக்காதது போல் சிரித்தபடி போவார். 'டெத் ஸ்பைரல்' என்று ஒன்று உண்டு. ஆண் நடுவில் நின்று சுழல, பெண் அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டு, தலை தரையை உரசுமளவு படுத்தபடி அவரைச் சுற்றி வட்டமடிப்பார். பிடி நழுவினால் என்ன ஆகும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

டி.வி-யில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஐஸ் மீது நடப்பது. ரோலர் பிரிவில் பிளேடுக்குப் பதில் சக்கரம், ஐஸுக்குப் பதில் வழவழப்பான தரை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு எனச் சக்கரம் வைத்த 'குவாட்' ஷூவைப் போட்டுக்கொண்டு இதையெல்லாம் செய்ய வேண்டும். ஐஸில் வழுக்கிக்கொண்டு போகலாம். இங்கே சக்கரத்தின் எடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு குதிக்கணும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓட்டப்பந்தய வீரர் தனியாக எழுந்து தனியாக ஓடிப் பழகலாம். ஜோடி ஸ்கேட்டருக்கு அது முடியாது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இருவருக்கும் லீவு. ஒருவர் காலேஜுக்கு வேறு ஊர் போய்விட்டால், இன்னொருவரின் கரியரும் அங்கேயே நிற்கும். உலகின் மிக எளிதில் உடையக்கூடிய விளையாட்டு கரியர்களில் இதுவும் ஒன்று.

குவாங்சோவுக்குப் பிறகு என்ன ஆச்சு?

2010 குவாங்சோவில் இந்தியா 14 தங்கம் வென்றது. டென்னிஸில் சோம்தேவ் தேவ்வர்மன் மட்டுமே இரண்டு தங்கம் எடுத்தார். அந்தக் கொண்டாட்டத்தில் இரண்டு ஸ்கேட்டிங் வெண்கலங்கள் பெட்டிச் செய்தியாகிப்போனதில் ஆச்சர்யமில்லை. பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது.

2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்கேட்டிங்கே இல்லை. 2018 ஜகார்த்தாவில் திரும்ப வந்தது. ஆனால் ஸ்கேட்போர்டிங்கும் வேகப் போட்டியும் மட்டும். 2023-ல் நடந்த ஹாங்சோ போட்டியிலும் ஆர்ட்டிஸ்டிக் ஜோடிப் பிரிவு இல்லை. அதாவது அனூப்பும் அவனியும் சேர்ந்து பதக்கம் வென்ற ஜோடிப் போட்டி, அடுத்த மூன்று ஆசிய விளையாட்டுகளிலும் நடக்கவே இல்லை. அவர்கள் தோற்றுப்போகவில்லை, ஃபார்ம் போகவில்லை. ஏறி நின்ற ஏணியையே யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒலிம்பிக்ஸ் கதவு எப்போதுமே மூடித்தான் இருக்கிறது. டோக்கியோவிலிருந்து ஸ்கேட்போர்டிங் உள்ளே வந்துவிட்டது. அதற்கு முன் 1992 பார்சிலோனாவில் ரோலர் ஹாக்கியைக் காட்சிப் போட்டியாக ஆடினார்கள். ரோலர் ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு அந்த வாய்ப்பும் கிடைத்ததில்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. ஜோடியாக வென்ற பதக்கத்தில் ஆளுக்குப் பாதி வியர்வை. ஆனால், 2015 அர்ஜுனா பட்டியலில் அவனியின் பெயர் இல்லை. அனூப்புக்குத் தனிநபர் பதக்கமும் இருந்ததால் அவர் கணக்கு வேறு என்று சொல்லலாம், அது நியாயமும்கூட. ஆனாலும் விருதும் செய்தியும் ஒருவர் பெயரைச் சுற்றியே சேரும்போது, தலைக்கு மேல் தூக்கப்பட்டவர் யார் என்பது பத்து வருடத்தில் எல்லோருக்கும் மறந்துவிடுகிறது.

பதக்கம் வேற, பாப்புலாரிட்டி வேற

அதே 2015 பட்டியலில் திரிபுராவின் ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகரும் இருந்தார். விருது வாங்கிய அன்று அவரையும் பலருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே ரியோ ஒலிம்பிக்ஸ். 'புரோடுனோவா' என்ற ஆபத்தான வால்ட்டைச் செய்து நான்காம் இடம் பிடித்தார். பதக்கம் இல்லை. ஆனால், நாடே அவர் பெயரைச் சொன்னது. வெண்கலம் வென்ற அனூப்புக்குக் கிடைக்காதது, நான்காவதாக வந்த தீபாவுக்குக் கிடைத்தது. இருவருக்கும் நடுவே இருந்தது திறமை வித்தியாசம் கிடையாது; ஒலிம்பிக்ஸ் என்ற மேடைதான்.

'ஜோடின்னாலே யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க' என்ற வாதமும் நிற்காது. பேட்மின்டனில் சாத்விக் - சிராக் ஜோடியை எடுத்துக்கோங்க. ஹாங்சோவில் தங்கம், பிறகு உலகத் தரவரிசையில் முதலிடம், இருவருக்கும் சேர்த்து 2023-ம் ஆண்டின் கேல் ரத்னா. இவர்கள் பெயரை நாம் தனித்தனியாகச் சொல்வதுகூட இல்லை, ஒரே மூச்சில் சொல்கிறோம். காரணம், பேட்மின்டனுக்கு வருடம் முழுக்க டோர்னமென்ட். இந்த மாதம் தோற்றால் அடுத்த மாதம் வேறொரு நாட்டில் ஆடுவார்கள். மொபைலில் லைவ் ஓடும். பழகப் பழகத்தான் பாசம் வரும். விளையாட்டு ரசனையும் அப்படித்தான். ரோலர் ஜோடியை எங்கே பார்ப்பது, எப்போது பார்ப்பது என்றே நமக்குத் தெரியாதபோது பாசம் எங்கிருந்து வரும்?

வைரல் ஆனா போதுமானு கேட்டால், அதற்கும் ஸ்கேட்டிங்கிலேயே பதில் இருக்கிறது. ஹாங்சோவில் ஆண்கள் 3,000 மீட்டர் ரிலே ஃபைனல் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. முதலில் வந்த தென்கொரிய வீரர், கோட்டைத் தொடுவதற்கு முன்பே இரு கைகளையும் தூக்கிக் கொண்டாட ஆரம்பிக்க, பின்னால் வந்த தைவான் வீரர் காலை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டார். 0.01 நொடியில் தங்கம் கைமாறியது. ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றால் கட்டாய ராணுவச் சேவையில் விலக்கு என்பது கொரியாவின் விதி என்பதால் அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது.

அந்த ரேஸில் மூன்றாவதாக வந்த அணி எது தெரியுமா? இந்தியா. ஆர்யன்பால் சிங் குமன், சித்தாந்த் காம்ப்ளே, விக்ரம் இங்காலே, கூடவே நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார். அதே நாளில் பெண்கள் ரிலேவிலும் இந்தியாவுக்கு வெண்கலம். அந்த அணியில் தமிழகத்தின் ஆரத்தி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் இருந்தார்கள். கோடிக்கணக்கான பேர் பார்த்த ஒரு வீடியோவில் நம்ம ஆட்கள் இருந்தார்கள், நமக்கே தெரியாது. வைரல் ஆனது வேறொருவரின் தவறு. வெண்கலம் ஃபிரேமுக்கு வெளியே இருந்தது.

சத்துவாச்சாரி சொல்லும் பாடம்

அப்போ சதீஷ் சிவலிங்கம் எப்படி நிலைத்தார்? பளுதூக்குதல் ஒன்றும் கிரிக்கெட் இல்லை. டி.வி-யில் தினமும் வருவதும் இல்லை.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம். 2018 கோல்டு கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். முதல் தங்கம் வாங்கிய நான்கு வருடத்தில் திரும்பிப்போய் அதே தங்கத்தை வெல்ல, அந்தப் போட்டி அங்கே இருந்தது. முதல் விஷயம் அதுதான்.

இரண்டாவது, வேலை. தெற்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. பயிற்சிக்கு நடுவே 'சோத்துக்கு என்ன பண்றது' என்ற கேள்வி இல்லை. மூன்றாவது, வீடும் ஊரும். அவரின் அப்பாவே பளுதூக்கும் வீரர். சத்துவாச்சாரி பக்கம் இரும்பு தூக்குவது நேற்று வந்த ஃபேஷன் கிடையாது. அண்ணன் தூக்குவதைப் பார்த்து தம்பி தூக்குவான். ஒரு கம்பி, சில தட்டுகள், ஒரு ஷெட் இருந்தால் ஜிம் ரெடி. அதனால் சதீஷ் ஜெயித்தபோது வேலூருக்கு அது எங்கேயோ நடந்த செய்தியாகத் தெரியவில்லை. 'நானும் அதே மாதிரி ஜிம்லதானே தூக்குறேன்' என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள்.

புகழின் கணக்கு இங்கேதான் புரிகிறது. திரும்பத் திரும்ப நடக்கும் போட்டி, வயிற்றுக்கு வழி, அதே விளையாட்டை ஆடும் ஊர். இந்த மூன்றும் இருந்தால் ஒரு பதக்கம் பத்து வருடம் வாழும். மூன்றும் இல்லையென்றால் ஒரு நாள் ஸ்டேட்டஸோடு முடிந்துவிடும். அனூப் - அவனிக்குக் கைகொடுக்காமல் போனது இந்த மூன்றில் முதலாவதும் கடைசியும்.

ஆனந்த்குமாருக்கு என்ன நடக்கும்?

இப்போது இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். ஏனென்றால், ஸ்கேட்டிங்கில் தமிழ்நாட்டுக்கு உலக சாம்பியனே கிடைத்திருக்கிறார்.

2021-ல் கொலம்பியாவின் இபாகே நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றபோதே ஆனந்த்குமார் வேல்குமாரை விவரம் தெரிந்தவர்கள் குறித்துவைத்துக்கொண்டார்கள். 2023-ல் ஹாங்சோ வெண்கலம். 2025 ஆகஸ்ட்டில் சீனாவின் செங்டுவில் நடந்த உலக விளையாட்டுகளில் 1,000 மீட்டரில் வெண்கலம். அடுத்த மாதமே பெய்டாய்ஹேவில் உலக சாம்பியன்ஷிப்: 500 மீட்டரில் வெண்கலம், 1,000 மீட்டரில் தங்கம், கடைசியில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம். 1,000 மீட்டர் என்பது ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும் ஓட்டம். மாரத்தான் என்பது பொறுமையின் சோதனை. தடகளத்தில் 400 மீட்டரும் மாரத்தானும் ஒரே ஆள் ஜெயித்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி. பிரதமர் வாழ்த்தினார், ஒரு வாரம் எல்லா சேனலிலும் முகம் தெரிந்தது.

சரி, இப்போ உங்க கிளாஸ்மேட் நாலு பேரிடம் அவர் பெயரைக் கேட்டுப் பாருங்க.

ஆனந்த்குமார் ஆடும் இன்லைன் ஸ்பீடு ஸ்கேட்டிங்கும் ஒலிம்பிக்ஸில் இல்லை. வெளிநாடுகளில் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் எரின் ஜாக்சன் இன்லைன் ஸ்கேட்டர். ஐஸுக்கு மாறி, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் 500 மீட்டர் தங்கம் வென்றார். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸும் அப்படி மாறியவர்தான். அதே பெய்ஜிங்கில் அவருக்கும் தங்கம். சக்கரத்தில் கற்றதை பிளேடுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

நம்ம ஊரில்? சர்வதேசப் போட்டி நடத்தும் அளவுக்கான ஐஸ் தளம் டேராடூனில் இருக்கிறது. 2011-ல் தெற்காசிய குளிர்காலப் போட்டிக்காகக் கட்டி, பல வருடம் மூடிக்கிடந்து, சமீபத்தில்தான் உயிர்பெற்று 2025 ஆகஸ்ட்டில் ஆசிய அளவிலான ஷார்ட் டிராக் போட்டியை நடத்தியது. ஆம்பூரிலிருந்து டேராடூனுக்குத் தினமும் பிராக்டீஸ் போக முடியாது, இல்லையா?

ஷூ இங்கே, ஸ்கேட்டிங் எங்கே?

இனி நம்ம தோல் பெல்ட்டுக்கு வருவோம். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோலும் ஷூவும்தான் வாழ்க்கை. காலையில் கம்பெனி பஸ் ஏறி, ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கப் போகும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். உலக பிராண்டுகளின் ஷூக்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் வீரரின் உயிரைக் காப்பது எது? ஷூ. தூக்கி எறியப்பட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போது கணுக்கால் மடங்காமல் தாங்குவது, அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கமாகச் செய்த பூட். அதில் பாரம்பரியமாகப் பயன்படுவது தோல். தோலின் குணம் தெரிந்த ஊர் இது. ஆனால், இதே ஊரில் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைக்கு நல்ல ஸ்கேட்டிங் பூட் வாங்கணும்னா, வெளிநாட்டு பிராண்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் ஓரிரண்டாயிரம் ரூபாய் செட் போதும். மாநில அளவைத் தாண்டியதும் பத்தாயிரங்கள். மேலே போகப்போக லட்சத்தை நெருங்கும். பிள்ளை வளர வளர கால் சைஸும் மாறும். அதாவது, செலவு ஒரு தடவையோடு முடியாது.

2025 ஆகஸ்ட்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50% வரி போட்டபோது, இந்த பெல்ட்டுக்கு வயிற்றைக் கலக்கியது. ஷூ கம்பெனிக் குடும்பத்தில் ஓவர்டைம் குறைந்தால் முதலில் வெட்டு விழும் செலவு எதுவென்று உங்களுக்கே தெரியும். டியூஷன் நிற்காது. ஸ்கேட்டிங் நிற்கும்.

அதிலும் பெண் பிள்ளை என்றால், பணம் இருந்தாலும் ஒரு வயதுக்குப் பிறகு நின்றுவிடும். ஏழு வயதில் ஃப்ராக் போட்டு ஸ்கேட்டிங் பண்ணால் வீட்டில் எல்லோரும் வீடியோ எடுப்பார்கள். எட்டாவது, ஒன்பதாவது வந்ததும் 'போதும்மா, படிக்கிற வழியைப் பாரு' என்பார்கள். இதில் ஜோடி ஸ்கேட்டிங்கை நினைச்சுப் பாருங்க. ஒரு பையனும் ஒரு பொண்ணும் வருடக்கணக்கில் சேர்ந்து பயிற்சி செய்யணும், அவன் அவளைத் தூக்கணும், இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் நம்பணும். சின்ன ஊர்களில் திறமையைவிட அரிதானது அந்த நம்பிக்கை. தனியாக ஓடும் ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் ஆசியப் பதக்கம் வரை போய்விட்டார்கள். ஜோடிப் பிரிவு அந்த அளவுக்கு வேர்விடாததற்கு, தூக்கி நிறுத்தும் பலத்தைவிட 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்ற பயம் பெரிய காரணம் என்றே தோன்றுகிறது.

ஜப்பானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது

இதைப் படிச்சுட்டு 'நமக்கு இதெல்லாம் வராது' என்று நினைத்துவிட வேண்டாம். ஃபிகர் ஸ்கேட்டிங் என்றால் பைத்தியமாக இருக்கும் ஜப்பானிலேயே ஜோடிப் பிரிவு ரொம்ப நாள் வெறிச்சோடித்தான் கிடந்தது. தனிநபர் நட்சத்திரங்கள் ஏராளம். ஜோடிக்கு ஆளும் இல்லை, கோச்சும் இல்லை.

ரியூச்சி கிஹாரா இரண்டு ஒலிம்பிக்ஸில் வெவ்வேறு ஜோடியுடன் ஆடியவர். ஜோடி உடைந்த பிறகு, விளையாட்டையே விட்டுவிடலாமா என்ற யோசனையில் நகோயாவில் ஒரு ஐஸ் ரிங்கில் பார்ட் டைம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2019-ல், தன்னைவிட ஒன்பது வயது இளையவரான ரிகு மியூராவுடன் ஜோடி சேர்ந்தார். ஜப்பானில் ஜோடிகளுக்கான கோச் வசதி குறைவு என்பதால், பயிற்சிக்கு இருவரும் கனடா போனார்கள். 2023 மார்ச்சில் சொந்த நாட்டின் சைதாமாவில் நடந்த உலகப் போட்டியில், ஜோடிப் பிரிவில் ஜப்பானின் முதல் தங்கம். 2025-ல் பாஸ்டனில் மறுபடியும் உலகத் தங்கம். இன்று இருவர் பெயரையும் ஒட்டி 'ரிகுரியூ' என்று ஒரே பெயராகத்தான் ரசிகர்கள் கூப்பிடுகிறார்கள்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கிஹாரா மனசு ஒடிந்து நின்றபோதும், வேலைக்குப் போய் நிற்க அவர் ஊரில் ஒரு ரிங்க் இருந்தது. விளையாட்டின் வாசலை விட்டு அவர் வெளியே போகவே இல்லை. அதனால் இரண்டாவது வாய்ப்பு வந்தபோது கையெட்டும் தூரத்தில் இருந்தார். நம்ம ஊரில் ஸ்கேட்டிங்கை விடும் பிள்ளை, ஷூவைப் பரண் மேலே போட்ட நாளோடு அந்த உலகத்தை விட்டே போய்விடுகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டம். ஒரே மைதானத்துக்குப் போட்டிபோட்ட ஊர்கள், இப்போது தங்கள் மாவட்டத்துக்கென வசதிகளைக் கேட்கலாம். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் சிறு விளையாட்டரங்கம் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. கிரிக்கெட் பிட்ச், கபடி களம், வாலிபால் கோர்ட் வரும்போது, ஒரு ஓரத்தில் மேடுபள்ளம் இல்லாத, வழவழப்பான ஒரு ஸ்கேட்டிங் தளமும் கேட்கலாமே? வேகப் போட்டிக்குச் சாய்வான வளைவுகளுடன் 200 மீட்டர் டிராக் தேவை, அது பெரிய செலவு. ஆனால், ஆர்ட்டிஸ்டிக் பழக ஒரு நல்ல தரையும் கூரையும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

வீட்டில் தம்பி, தங்கை ஸ்கேட்டிங் கிளாஸ் போனால், ஃபீஸ் கட்டும் முன் சில கேள்விகளை அம்மா, அப்பாவைக் கேட்கச் சொல்லுங்க. கிளாஸில் சொல்லித்தருவது குவாட்டா, இன்லைனா? வேகப் போட்டியா, ஆர்ட்டிஸ்டிக்கா, ஹாக்கியா? எல்லாமே 'ஸ்கேட்டிங்' என்று சொல்லப்பட்டாலும் போகும் பாதை வேறு வேறு. 'நேஷனல் லெவல்' என்று போஸ்டர் ஒட்டி நடக்கும் போட்டிகளில் கிடைக்கும் எல்லா சான்றிதழும் ஒன்று கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட மாவட்ட, மாநில சங்கம் வழியாக, இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு வரை போகும் போட்டியா என்று பாருங்க. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% இட ஒதுக்கீடு இருக்கிறது. எந்த விளையாட்டுக்கு, எந்த அளவிலான சான்றிதழுக்கு அது பொருந்தும் என்பதை பத்தாவது படிக்கும்போதே மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவையுங்க. ப்ளஸ் டூ முடித்த பிறகு கேட்டால் பல சமயம் லேட்.

இதையெல்லாம் கேட்பதால் பிள்ளையின் ஆசை குறைந்துவிடாது. ஏணியில் எத்தனை படி இருக்கிறது என்று தெரிந்து ஏறுவது வேறு, தெரியாமல் ஏறி நடுவில் தொங்குவது வேறு.

அனூப்பும் அவனியும் 2010-ல் ஏறியது கடைசிப் படி என்று அப்போது அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஆனந்த்குமார் இன்று அதைவிட உயரத்தில் நிற்கிறார். அவருக்கு லைக் போடுவது நல்ல விஷயம்தான். அடுத்த உலகப் போட்டி எப்போது என்று தேடிப் பார்த்து, அந்த லைவைத் திறந்து பத்து நிமிடம் பார்ப்பது அதைவிட நல்ல விஷயம். வேலூருக்குப் பளுதூக்குதல் பழகினது தலைமுறைக் கணக்கில். ஸ்கேட்டிங்குக்கு இப்போதுதான் முதல் தலைமுறைப் பிள்ளைகள் ஷூ மாட்டியிருக்கிறார்கள். அவர்கள் எட்டாவது வகுப்பில் அதைக் கழற்றாமல் இருந்தாலே, அடுத்த க்விஸுக்கு நாம் கூகுள் தேட வேண்டியிருக்காது.